ஸாப் கார் கம்பெனிக்கு என்னதான் ஆனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2005லிருந்து ஆறு வருடம் நான் ஓட்டியது ஒரு ஸாப் 9-5. கறுப்பு நிறம், 2001ல் பதிவான வண்டி. சிங்கப்பூர் செராங்கூன் ரோட்டில் சாப்பிட்டுவிட்டுக் காருக்குப் பக்கத்தில் நின்று பேசும்போதும் சரி, தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடமும் சரி, கார் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: "அந்தக் கம்பெனிய மூடிட்டாங்களாமே, ஏன்?" ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகச் சொல்லி, மீதியை விட்டுவிட்ட குறை எனக்கு இருந்துகொண்டே இருக்கிறது. அதனால் வழக்கமாக வரும் கேள்விகளை எல்லாம் சேர்த்து, தெரிந்ததை முழுசாக இங்கே எழுதுகிறேன்.

ஸாப் என்றால் போர் விமானம் செய்கிற கம்பெனிதானே? அவர்களா மூடிவிட்டார்கள்?

அவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. 1937ல் சுவீடனில் விமானம் கட்டுவதற்காகத் தொடங்கிய கம்பெனி ஸாப். 'சுவீடன் விமான நிறுவனம்' என்பதை அவர்கள் மொழியில் எழுதினால் வரும் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். கிரிப்பன் போர் விமானம் இன்றைக்கும் அவர்களுடையதுதான். நம் கடற்படையின் ஆர்ச்சர் வகை நீர்மூழ்கிகளைக் கட்டிய கோக்கும்ஸ் கப்பல் தளத்தைக்கூட 2014ல் அவர்கள் வாங்கிவிட்டார்கள். கார் பிரிவு மட்டும் 1990ல் தனி நிறுவனமாகப் பிரிந்து போனது. திவாலானது அந்தத் தனி நிறுவனம்.

விமானம் செய்கிறவர்களுக்குக் கார் எதற்கு?

இரண்டாம் உலகப் போர் முடியப்போகிறது, இனி இத்தனை போர் விமானம் யாருக்கும் வேண்டாம், கையில் தொழிற்சாலையும் ஆட்களும் இருக்கிறார்கள். அப்போதுதான் சின்னக் கார் ஒன்று செய்து பார்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். குன்னார் யுங்ஸ்ட்ரோம் என்ற பொறியாளரின் தலைமையில் ஒரு சின்னக் குழு, வடிவமைக்க சிக்ஸ்டன் சாஸன் என்ற ஓவியர். அந்தக் குழுவில் கார் ஓட்ட உரிமம் வைத்திருந்தவர்களே ஓரிருவர்தான் என்று சொல்வார்கள். 1946ல் அவர்கள் முடித்த முதல் மாதிரியைப் பக்கவாட்டில் பார்த்தால் விமான இறக்கையைக் குறுக்கே வெட்டி நிறுத்திய மாதிரி இருக்கும், ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்தது அந்த வடிவம்தான். 1949 கடைசியில் ஸாப் 92 தயாரிப்புக்கு வந்தது: இரண்டு சிலிண்டர், 764 சிசி, 25 குதிரைசக்தி, முன்சக்கர இழுவை. ஆரம்பத்தில் வந்த வண்டிகள் எல்லாமே ஒரே கரும்பச்சை. போரில் மிஞ்சிப்போன விமான பெயிண்ட்டைத் தீர்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு.

அப்படி என்ன விசேஷம் அந்த வண்டியில்? ஏன் இன்னும் பேசுகிறீர்கள்?

இதற்கு நான் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேர் வாங்கிக் கொடுத்தது ராலிப் பந்தயம். எரிக் கார்ல்சன் என்ற ஆஜானுபாகுவான மனிதர், கையளவு ஸாப் 96ஐ ஓட்டி 1960, 61, 62 என்று மூன்று வருடம் தொடர்ந்து பிரிட்டனின் ஆர்ஏசி ராலியை ஜெயித்தார். அப்புறம் 1962லும் 63லும் மான்டி கார்லோ. எதிரே நின்றவர்களிடம் இதைவிடப் பெரிய எஞ்சின்கள் இருந்தன. இவரிடம் இருந்தது மூன்று சிலிண்டர் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்.

அடுத்தது டர்போ, அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பிச் சக்தியைக் கூட்டும் கருவி. டர்போவை முதலில் காரில் வைத்தது ஸாப் என்று பலர் சொல்வார்கள், அது சரியில்லை, அமெரிக்கர்கள் 1962லேயே வைத்துவிட்டார்கள். ஆனால் அதுவரை டர்போ என்றால் பந்தயக்காரர்களின் சமாச்சாரம். பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் குடும்பக் காரில் டர்போ வைத்து, தினமும் தைரியமாக ஓட்டலாம் என்று காட்டியது 1977ல் வந்த ஸாப் 99 டர்போ. எஞ்சின் உள்ளே தட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்து, தட்டினால் டர்போ அழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் கட்டுப்பாட்டை எண்பதுகளின் தொடக்கத்தில் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு 1.2 லிட்டர், 1.5 லிட்டர் என்று நம் சாலையில் ஓடும் சின்ன டர்போ கார்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

அப்புறம் பாதுகாப்பு. ஹெட்லைட்டுக்குத் துடைப்பான் 1970ல், சூடாகும் சீட் 1971ல். பின்னாலிருந்து யாராவது மோதினால் சீட்டின் தலைச்சாய்மானம் தானாக முன்னே வந்து கழுத்தைத் தாங்கும் ஏற்பாடு 1997ல், 9-5 காரில் வந்தது.

சிங்கப்பூரில் சூடாகும் சீட் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் அதே 9-5ல் முன் சீட்டுக்குள் காற்றோட்டம் தரும் சின்ன மின்விசிறியும் உண்டு. மதியம் இரண்டு மணிக்கு வெட்டவெளிக் கார் நிறுத்தத்தில் காய்ந்து கிடந்த தோல் சீட்டில் உட்கார்ந்து அந்தச் சுவிட்சைத் தட்டினால், சட்டை முதுகில் ஒட்டியிருப்பது ஐந்து நிமிடத்தில் விட்டுப்போகும். என் அம்மா பின் சீட்டில் உட்காரவே மாட்டார், அந்த விசிறிக்காகவே முன்னால் ஏறிக்கொள்வார்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இரவுப் பொத்தான். டாஷ்போர்டில் சின்னதாக ஒன்று இருக்கும், அமுக்கினால் வேகமானியைத் தவிர மற்ற விளக்கெல்லாம் அணைந்துவிடும், வேகமானியிலும் 140 வரைக்கும்தான் வெளிச்சம். பெட்ரோல் குறைந்தாலோ எஞ்சின் சூடேறினாலோ அதற்கான முள் மட்டும் தானாக ஒளிரும். அதுவரை உங்களுக்குத் தெரிய வேண்டியது எதுவும் இல்லை என்று வண்டியே முடிவெடுத்துக்கொள்கிறது. நம் விரைவுச்சாலைகளில் இரவும் பகல் மாதிரி விளக்கு எரிவதால் இதன் அருமை தெரியாது. கடற்பாலம் தாண்டி, கோலாலம்பூர் போகும் நெடுஞ்சாலையில் யோங் பெங் கழிந்து, இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் அமுக்கிப் பார்க்க வேண்டும்.

சாவி ஏன் கியருக்குப் பக்கத்தில் இருக்கிறது?

விபத்தில் முழங்கால் முன்னே போய் மோதும்போது, ஸ்டீயரிங் அருகே நீட்டிக்கொண்டிருக்கும் சாவி காலைக் கிழித்துவிடும் என்பதால் இரண்டு முன் சீட்டுகளுக்கு நடுவே கொண்டுவந்து வைத்தார்கள். கூடவே, ஸ்டீயரிங்கைப் பூட்டுவதற்குப் பதில் கியரைப் பூட்டினார்கள். மேனுவல் வண்டியில் ரிவர்ஸ் கியருக்குப் போட்டால்தான் சாவி வெளியே வரும். ஸாப் 99 மாடலில் ஆரம்பித்த பழக்கம், கிட்டத்தட்டக் கடைசி வரைக்கும் விடவில்லை.

இவ்வளவு நல்ல வண்டி என்றால் ஏன் விற்கவில்லை?

விற்றது, ஆனால் போதுமான அளவு விற்கவில்லை. ஸாப் தன் வாழ்நாளில் மிக நன்றாகப் போன வருடங்களில்கூட ஒன்றரை லட்சம் கார் விற்றதில்லை. 1987லும் 2006லும் ஒன்றே கால் லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது, அதுதான் உச்சம். புதிய மாடல் ஒன்றை அடியிலிருந்து உருவாக்க எந்தக் கம்பெனிக்கும் ஆகும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். அதைப் பத்து லட்சம் காரில் பகிர்ந்து போடுகிறவனும் ஒரு லட்சம் காரில் பகிர்ந்து போடுகிறவனும் ஒரே விலைக்கு விற்க முடியாது. ஸாப்காரர்களுக்கு இது எழுபதுகளிலேயே தெரிந்துவிட்டது. 1984ல் வந்த 9000ஐ இத்தாலிய ஃபியட், லான்சியாவோடு அடித்தளத்தைப் பகிர்ந்துதான் செய்தார்கள்.

ஆனால் பகிர்ந்துகொள்வதிலும் இவர்களுக்கு ஒரு குணம் உண்டு. இத்தாலியர்களின் கதவு விபத்துக்குப் போதாது என்று சொல்லி மாற்றினார்கள், முன்பக்கத்தை மாற்றினார்கள், மாற்றி மாற்றிக் கடைசியில் செலவு மிச்சப்படும் என்று தொடங்கிய காரியத்தில் மிச்சமே இல்லாமல் போனது. ஓட்டுகிறவனுக்கு அது வரம். கணக்கு எழுதுகிறவனுக்குத் தலைவலி.

அமெரிக்காக்காரன் வாங்கிக் கெடுத்துவிட்டான், அதுதானே கதை?

பாதி சரி. இந்தக் கேள்விக்குத்தான் எனக்கும் நண்பர்களுக்கும் அதிகம் வாக்குவாதம் நடக்கும்.

எண்பதுகளின் கடைசியில் ஸாப் பணத்தை இழந்துகொண்டிருந்தது, கூட்டாளி இல்லாமல் தொடர முடியாது. அதே நேரம் ஜெனரல் மோட்டார்ஸ் ஜாகுவாரை வாங்கப் பார்த்து, ஃபோர்டு முந்திக்கொண்டதில் ஏமாந்து நின்றது. ஐரோப்பாவில் ஒரு உயர்தரப் பெயர் வேண்டும் என்ற அவசரத்தில் 1990ல் 60 கோடி டாலர் கொடுத்து ஸாப் கார் நிறுவனத்தில் பாதியை வாங்கினார்கள். மீதிப் பாதியை 2000ல் வாங்கினார்கள், அதற்குக் கொடுத்தது 12.5 கோடி டாலர்தான். பத்து வருடத்தில் மதிப்பு எங்கே போய்விட்டது என்பதை இந்த இரண்டு எண்ணிலேயே பார்க்கலாம்.

1990ல் யாரும் வாங்காமல் இருந்திருந்தால் ஸாப் அந்தப் பத்தாண்டைத் தாண்டியிருக்காது என்பது என் கணிப்பு. அந்த வகையில் ஜெனரல் மோட்டார்ஸ் இருபது வருட ஆயுள் கொடுத்தது. ஆனால் எப்படிப்பட்ட ஆயுள்? 1993ல் வந்த புதிய 900, அவர்களுடைய ஜெர்மன் கிளையான ஓப்பெலின் வெக்ட்ரா காரின் அடித்தளத்தில் உட்கார்ந்தது. பழைய 900ஐப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விமானி அறைக் கண்ணாடி மாதிரி வளைந்து நின்ற முன்கண்ணாடி, முன்பக்கமாக நகர்ந்து திறக்கும் பானட், உள்ளே ஆட்டுக்குட்டியையே ஏற்றலாம் போன்ற பின்புற இடம். புதியதில் பெயரும் சாவியும் ஹேட்ச்பேக்கும் மிஞ்சின. 2002ல் அடுத்த 9-3 வந்தபோது ஹேட்ச்பேக்கையும் எடுத்துவிட்டு, பிஎம்டபிள்யூ 3 சீரிஸோடு போட்டி போடுவதாகச் சொல்லி வெறும் செடானாகக் கொண்டுவந்தார்கள். ஸாப் வாங்குகிறவன் பிஎம்டபிள்யூ வேண்டாம் என்றுதானே ஸாப் கடைக்கு வந்தான்? அவனுக்கு வேண்டியதை எடுத்துவிட்டு, வேறு ஒருவனுக்காகக் கார் செய்தார்கள். அந்த வேறு ஒருவன் வரவே இல்லை.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் 9-5. 1997ல் வந்த அந்தக் கார், முகத்தை மட்டும் மாற்றி மாற்றி 2010 வரைக்கும் விற்கப்பட்டது. பதின்மூன்று வருடம்! அதே காலத்தில் பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் மூன்று தலைமுறை பார்த்துவிட்டது. கடைக்குப் போகிற வாடிக்கையாளர் தன் பழைய ஸாப்பை மாற்றப் போனால் அங்கே நிற்பதும் அதே வண்டி. எவ்வளவு விசுவாசமான ஆளாக இருந்தாலும் எத்தனை முறை வாங்குவார்?

சுவீடனில் ஸாப் கார் செய்த டிரால்ஹட்டான் தொழிற்சாலைப் பொறியாளர்கள் பங்கும் இதில் இருக்கிறது. பொதுவான பாகத்தை எடுத்துப் போடு என்றால் போட மாட்டார்கள், திருத்துவார்கள், திருத்தினால் செலவு ஏறும், செலவு ஏறினால் தலைமையகம் அடுத்த மாடலுக்குப் பணம் தராது. பெரும்பாலான வருடங்கள் நஷ்டம். ஜெனரல் மோட்டார்ஸ் ஸாப்பை அதன் போக்கில் விடவும் இல்லை, முழுசாகத் தன் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளவும் இல்லை, இருபது வருடம் அப்படியே இழுத்தார்கள். விட்டிருந்தால் சின்னதாகவாவது தனித்து நின்றிருக்கும், அல்லது சீக்கிரம் நல்ல கைக்குப் போயிருக்கும் என்று இன்னும் நினைக்கிறேன்.

சுபாரு காரில் ஸாப் முத்திரை ஒட்டி விற்றார்களாமே, உண்மையா?

உண்மை. 2004ல் சுபாரு இம்ப்ரெசாவை மூக்கு மாற்றி 9-2எக்ஸ் என்று அமெரிக்காவில் விற்றார்கள். அடுத்து 9-7எக்ஸ், அது ஒஹையோ மாநிலத்தில் செய்த செவ்ரலே டிரெயில்பிளேசர், சாவியைக்கூட நடுவுக்கு நகர்த்தியிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் 'ஜெட் விமானத்திலிருந்து பிறந்தவை' என்று அமெரிக்காவில் விளம்பரமும் ஓடியது.

சரி, 2009ல் என்ன நடந்தது? திடீரென்று எப்படி விழுந்தது?

2008 நிதி நெருக்கடியில் ஜெனரல் மோட்டார்ஸே தள்ளாடியது, நஷ்டத்தில் ஓடும் பிள்ளைகளை முதலில் இறக்கிவிட நினைத்தது. 2009 பிப்ரவரியில் ஸாப் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது. சுவீடன் அரசாங்கத்திடம் கையேந்தினார்கள். கார் தொழிற்சாலையை அரசு வைத்து நடத்தத் தயாரில்லை என்று அமைச்சர் பகிரங்கமாகவே சொல்லிவிட்டார். சுவீடனின் அதிவேகக் கார் கம்பெனி கோனிக்செக் வாங்குவதாக ஜூனில் ஒப்புக்கொண்டு, நவம்பரில் பின்வாங்கியது. டிசம்பரில் சீனாவின் பெய்ஜிங் ஆட்டோ, பழைய 9-3, 9-5 மாடல்களின் தொழில்நுட்ப உரிமையை வாங்கிக்கொண்டு போனது. கம்பெனியை இனி மூடிவிடுவோம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தே விட்டது.

அந்தக் கட்டத்தில் வந்தவர் விக்டர் முல்லர். நெதர்லாந்தில் வருடத்துக்குச் சில டஜன் ஸ்போர்ட்ஸ் கார்கள் செய்யும் ஸ்பைக்கர் கம்பெனியின் தலைவர். 2010 பிப்ரவரியில், 7.4 கோடி டாலர் ரொக்கமும் மீதிக்குப் பங்குகளுமாகக் கொடுத்து ஸாப்பை வாங்கினார். ஐரோப்பிய முதலீட்டு வங்கி 40 கோடி யூரோ கடன் தந்தது, சுவீடன் அரசு ஜாமீன் நின்றது. அந்த வருடம் புதிய 9-5 வந்தது. படத்தில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பனிக்கட்டியிலிருந்து வெட்டி எடுத்த மாதிரி இருந்தது அந்த வடிவம்.

ஆனால் பிழைக்க நிறையக் கார் விற்க வேண்டும் என்ற நிலையில், 2010ல் விற்றது முப்பதாயிரத்துக்கும் கீழே. மூடப்போகிறார்கள் என்று ஒரு வருடம் செய்தித்தாளில் படித்தவன் யார் போய் புதுக் கார் வாங்குவான்? 2011 வசந்த காலத்தில், பணம் வராத உதிரிபாகக்காரர்கள் சரக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள், உற்பத்தி வரிசை நின்றது. அதற்குப் பிறகு அது சரியாக ஓடவே இல்லை. ஜூனில் சம்பளம் தள்ளிப்போனது. யங்மேன், பாங் டா என்ற இரண்டு சீனக் கம்பெனிகள் பணம் போட முன்வந்தன, ஆனால் காரின் தொழில்நுட்பத்தில் பெரும் பகுதி ஜெனரல் மோட்டார்ஸின் உரிமம். சீனாவில் தனக்குக் கூட்டாளி இருக்கும்போது இன்னொரு சீனக் கம்பெனிக்கு அதைக் கொடுக்க முடியாது என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். 2011 டிசம்பர் 19ஆம் தேதி முல்லரே நீதிமன்றத்துக்குப் போய் திவால் மனு கொடுத்தார்.

அந்த வருடம் முழுக்க, தினமும் காலையில் எம்ஆர்டி ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் போனில் முதலில் தேடுவது ஸாப் செய்திதான். இன்று சீனப் பணம் வந்துவிட்டது என்று இருக்கும், மறுநாள் வரவில்லை என்று இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிற மாதிரிதான் இருந்தது.

அங்கே வேலை பார்த்தவர்கள் என்ன ஆனார்கள்?

மூவாயிரம் பேருக்கு மேல் ஒரே நாளில் வேலை போனது, கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் முன்பு. டிரால்ஹட்டான் ஐம்பதாயிரம் பேர் சொச்சம் வாழும் ஊர், அதாவது தோ பாயோ அளவுகூட இல்லாத ஊரில் மூவாயிரம் குடும்பம். பலர் பக்கத்து நகரமான கோதன்பர்க்கில் வால்வோவுக்குப் போனார்கள்.

திவால் சொத்தோடு சேர்த்து ஸாப் அருங்காட்சியகத்தின் கார்களையும் விற்க வந்தபோது, டிரால்ஹட்டான் நகராட்சி, விமானக் கம்பெனி ஸாப், வாலன்பர்க் குடும்ப அறக்கட்டளை மூவரும் சேர்ந்து மொத்தமாக வாங்கி ஊரிலேயே வைத்துவிட்டார்கள். அந்த 1946ஆம் வருட முதல் மாதிரி இன்றைக்கும் அங்கே நிற்கிறது. ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

வால்வோவும் சுவீடன்தான். அது மட்டும் எப்படிப் பிழைத்தது?

நல்ல கேள்வி, இதைக் கேட்கிறவர்கள் குறைவு. வால்வோ கார் பிரிவை 1999ல் ஃபோர்டு 645 கோடி டாலருக்கு வாங்கியது. விலையைப் பாருங்கள், ஸாப்புக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு. அவ்வளவு போட்டவன் சும்மா விட்டுவைக்க மாட்டான், புது மாடலுக்குப் பணம் கொடுத்தான். வால்வோ எப்போதுமே ஸாப்பைவிட மூன்று மடங்காவது பெரியது. 2010ல் சீனாவின் ஜீலி வாங்கியபோது உயிரோடு இருக்கிற கம்பெனியை, தேவையான தொழில்நுட்ப உரிமையோடு வாங்கியது. பணத்தைக் கொடுத்துவிட்டு சுவீடன் பொறியாளர்களை அவர்கள் போக்கில் வேலை செய்ய விட்டது. அதே நேரத்தில் ஸாப்புக்கு வந்த சீனர்களுக்கு உரிமத்தின் வாசல் சாத்தியிருந்தது.

நம்ம ஊர் அம்பாசடர் மாதிரித்தானே இதுவும்?

ஊரிலிருந்து வந்த பெரியப்பா கேட்டது இது. அம்பாசடரைச் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் உத்தர்பாரா ஆலை 2014 மே மாதம் நின்றது, அது எனக்கும் வருத்தம்தான். ஆனால் நோய் வேறு, பெரியப்பா. அம்பாசடர் ஐம்பதுகளின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, அதைப் போட்டியே இல்லாத சந்தையில் பெரிதாக மாற்றாமல் விற்றுக்கொண்டே இருந்தார்கள், போட்டி வந்ததும் தாங்கவில்லை. ஸாப்காரர்கள் ஒவ்வொரு வருடமும் எதையாவது மாற்றத் துடித்தவர்கள். மாற்றுவதற்கான பணம்தான் அவர்கள் கையில் இல்லை, இன்னொருவர் பையில் இருந்தது.

இனிமேல் ஸாப் பெயரில் கார் வருமா?

வராது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2012ல் நெவ்ஸ் என்ற கம்பெனி தொழிற்சாலையை வாங்கி, மின்சாரக் கார் செய்யப்போவதாகச் சொன்னது. 2013 டிசம்பரில் பெட்ரோல் 9-3ஐயே மறுபடி செய்ய ஆரம்பித்து, 2014 மே மாதம் பணமில்லாமல் நிறுத்தியது. (அம்பாசடர் நின்ற அதே மாதம்.) அந்த வருடமே, பெயரின் சொந்தக்காரரான விமானக் கம்பெனி, கார்களுக்கு அந்தப் பெயரை வைக்கும் உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நெவ்ஸ் பிறகு சீனாவின் எவர்கிராண்ட் கைக்குப் போய், அந்தக் குழுமமும் கடனில் மூழ்க, 2023ல் கிட்டத்தட்ட முழுசாக முடங்கியது.

சிங்கப்பூரில் பழைய ஸாப் கிடைத்தால் வாங்கலாமா?

காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் வேண்டாம். ஆசைக்கு என்றால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முதல் கணக்கு சிஓஇ, அதாவது இங்கே கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ். இங்கே எந்தக் காரும் பத்து வருடத்துக்குத்தான். நீட்டிக்க வேண்டுமென்றால் அப்போதைய மூன்று மாதச் சராசரி சிஓஇ விலையைக் கட்ட வேண்டும். பத்து வருடத்துக்கு முழுத் தொகை, ஐந்து வருடத்துக்குப் பாதி, ஐந்து வருடம் எடுத்தால் அதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது. பெரும்பாலான ஸாப் 2.0 லிட்டரோ 2.3 லிட்டரோ என்பதால் பி பிரிவில் விழும், அந்தப் பிரிவு 2023 அக்டோபரில் ஒன்றரை லட்சம் சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டது. அதோடு பத்து வருடம் தாண்டிய காருக்குச் சாலை வரி வருடத்துக்குப் பத்து விழுக்காடு கூடிக்கொண்டே போய் ஐம்பதில் நிற்கும், சோதனையும் வருடா வருடம். நல்ல நிலையில் இருந்த எத்தனையோ ஸாப், கம்பெனி மூடியதால் நம் சாலையிலிருந்து போகவில்லை, இந்தக் கணக்கால்தான் போயின.

பாகங்கள் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கார் கம்பெனி திவாலானபோது அதன் உதிரிபாகக் கம்பெனி தனியாகத் தப்பித்தது, சுவீடன் அரசு கடனுக்கு ஈடாக அதை எடுத்துக்கொண்டது, பிறகு ஓரியோ என்று பெயர் மாறிப் பாகங்கள் வந்துகொண்டிருந்தன. பிரேக், ஃபில்டர், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் வாங்கிவிடலாம். சிரமம் கண்ணாடி, பம்பர், உள் அலங்காரம், அந்த மாடலுக்கே உரிய மின்னணுப் பெட்டிகள்.

பார்க்கப் போனால் மூன்று இடத்தைப் பாருங்கள். பழைய நான்கு சிலிண்டர் 9-5களில் எண்ணெய் கெட்டித்துச் சேறாகும் பிரச்சினை உண்டு, அடித்தட்டைக் கழற்றிச் சுத்தம் செய்த ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். எஞ்சின் மேலே ஸ்பார்க் பிளக்குகளை மூடி நீளமாக ஒரு பெட்டி இருக்கும், இக்னிஷன் கேசட் என்பார்கள், அது போனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், பின்னால் ஒரு ஸ்பேர் வைத்திருக்கிற உரிமையாளர் என்றால் வண்டியை அக்கறையாகப் பார்த்தவர் என்று நம்பலாம். மூன்றாவது கூரைத் துணி: நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பசை விட்டு, கல்யாணப் பந்தல் மாதிரி தொங்கும். விரலால் மேலே தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே, இந்த எஞ்சினைப் பிரித்துப் போட்டுப் பழகிய பட்டறைத் தவுக்கே (முதலாளி) ஒருவரைச் சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் தேடிக் கண்டுபிடியுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

உங்கள் 9-5 என்ன ஆனது?

2011 அக்டோபரில் பத்து வருடம் முடிந்தது. நீட்டிக்கலாமா என்று மனைவியும் நானும் மூன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பையன் உயர்நிலை போகிற வருடம், கட்ட வேண்டிய தொகை வண்டி விலையைவிடப் பல மடங்கு, சுவீடனில் வேறு உற்பத்தி வரிசை நின்று ஆறு மாதம். வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

ஆயுள் முடிந்த வண்டிகளை ஒப்படைக்கும் யார்டுக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். வண்டியை உள்ளே நகர்த்த வந்தவர் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி, இருபத்தைந்து வயது இருக்கும். சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங் கீழே இடது பக்கம் தடவினார், வலது பக்கம் தடவினார், குனிந்து பார்த்தார். "அண்ணே, சாவி எங்க போடுறது?" என்றார். நடுவில் காட்டினேன். போட்டுத் திருப்பியதும் எஞ்சின் முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. "நல்லாத்தானேண்ணே இருக்கு வண்டி, ஏன் கொண்டாந்தீங்க?" என்று கேட்டார். சிஓஇ முடிந்துவிட்டது என்றேன். சீட் விசிறியின் சுவிட்சைக் காட்டி, தட்டிப் பாருங்கள் தம்பி என்றேன். தட்டிவிட்டு ஒரு நிமிடம் அப்படியே சாய்ந்து உட்கார்ந்திருந்தார், சட்டை முழுக்க வியர்வை அவருக்கு. அப்புறம் மெதுவாக வண்டியை எடுத்து, உள்ளே வரிசையில் நின்ற மற்ற கார்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.